குடும்பத்துக்கு எந்தக் கார்? முதலில் அம்மாவைப் பின்னால் உட்காரவையுங்கள்

இணைய மன்றத்தில் வந்த கேள்வி: 9 ஆகஸ்ட் 2025

கோவில்பட்டியிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் ஐந்து பேர்: அப்பா, முழங்கால் தேய்மானம் உள்ள அம்மா, மனைவி, நான்கு வயது மகள், நான். மாதம் 800 கிலோமீட்டர் ஓடும். அதில் பாதி பள்ளிக்கூடமும் கடைத்தெருவும்தான். வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து 12 லட்சம் வரை போகலாம். "பெரிய வண்டிதான் நம்பகம். ஏழு இருக்கை டீசல் வாங்கிப் போடுங்கள், பதினைந்து வருடம் கவலையில்லை" என்பது மாமனார் கட்சி. சின்ன வண்டியில் குடும்பம் வசதியாகப் போக முடியாது என்றுதான் எனக்கும் படுகிறது. சரிதானா?

என் பதில்: 9 ஆகஸ்ட், இரவு 10.40

மாமனாரோடு நாளை சண்டை போடுகிறேன். இப்போதைக்கு ஒரே கேள்வி. ஐந்து பேரில் மூன்று பேர் எப்போதும் பின்னால்தான் உட்காரப்போகிறார்கள். அந்த மூவரில் யாராவது இதுவரை ஒரு ஷோரூமில் கால் வைத்திருக்கிறார்களா?

10 ஆகஸ்ட்

ஏன் கேட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் குரோம்பேட்டைவாசி, சொந்த ஊர் கடையநல்லூர் பக்கம். வருடத்துக்கு மூன்று முறையாவது ஊருக்குப் போவோம். போக மட்டும் ஏறக்குறைய அறுநூறு கிலோமீட்டர். 2016இல் முதல் புதுக் காரை வாங்கினேன். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன், ஸ்டியரிங்கைத் தடவினேன், கதவைச் சாத்தியபோது வந்த கனத்த சத்தத்தில் மயங்கி முன்பணம் கட்டிவிட்டேன். கம்பெனி பெயர் வேண்டாம், வழக்கு நடத்த எனக்கு வசதியில்லை.

மூன்று வருடம் ராஜாவைப் போல ஓட்டினேன். 2019 மே மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டோடு ஊர்த் திருவிழாவுக்குக் கிளம்பினோம். மைத்துனர் ஓட்டினார், நான் பின்னால் அம்மாவுக்குப் பக்கத்தில். என் காரில் நான் பின்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை.

விழுப்புரம் தாண்டுவதற்குள் தொடை மரத்துவிட்டது. இருக்கையின் அடிமெத்தை குட்டை, முழங்காலுக்கு ஒரு சாண் முன்னாலேயே முடிந்துவிடுகிறது. மிச்சக் கால் அந்தரத்தில் தொங்குகிறது. ஜன்னலின் கீழ்விளிம்பு பின்னால் போகப்போக மேலேறும்படி அழகாக வடிவமைத்திருந்தார்கள். அந்த அழகுக்குத்தான் நான் காசு கொடுத்தேன். உள்ளே இருந்து பார்த்தால் அம்மாவின் உயரத்துக்கு வானமும் விளக்குக் கம்பமும்தான் தெரிகின்றன. ஏசி காற்று முன்னால் இருக்கிற இருவர் முகத்திலேயே தீர்ந்துபோகிறது. உளுந்தூர்பேட்டையில் காபிக்கு நிறுத்தியபோது, "என்னம்மா, மூன்று வருடமாக ஒரு வார்த்தை சொல்லவில்லையே" என்றேன். "நீ கேட்கவில்லையே" என்றாள், முறுக்கைக் கடித்துக்கொண்டே.

13 ஆகஸ்ட்

கேள்வி கேட்டவர் தன் மாமனாரின் பதிலையும் போட்டிருக்கிறார்: "அம்பாசிடரைப் போல வருமா?"

ஒரு விஷயத்தில் வராது. அந்தக் காலத்து வைத்தியர்கள் யாரோ பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்ததைப் போன்ற பின் இருக்கை அது. சோபா உயரம், நீண்ட மெத்தை, கதவு திறந்தால் மடிசார் கட்டிய பாட்டிகூடக் குனியாமல் ஏறலாம். மற்றபடி பிரேக் பிடிக்கச் சாலையில் முன்கூட்டியே மனுப் போட வேண்டும். ஏசியும் கிடையாது. கொல்கத்தா பக்கத்து உத்தரபாரா ஆலையில் 2014 மே மாதம் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். மாமனாருக்கு என் அனுதாபங்கள்.

14 ஆகஸ்ட்

திருத்தம். ஏசி கிடையாது என்று எழுதியது தப்பு. இசுசு எஞ்சின் வைத்த பிற்கால அம்பாசிடர்களில் ஏசி உண்டு என்று காரைக்குடி வாசகர் ஒருவர் பிடித்துவிட்டார். எங்கள் சித்தப்பாவின் டாக்ஸியில் கிடையாது, அதை வைத்து நாட்டுக்கே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

16 ஆகஸ்ட்

அவசரப்படாதீர்கள். நேற்றுச் சுதந்திர தின உரையில் பிரதமர் தீபாவளிக்குள் ஜிஎஸ்டி மாற்றம் வரும் என்றிருக்கிறார். காருக்கு எவ்வளவு குறையும் என்று யாருக்கும் தெரியாது. வண்டி இல்லாமல் இத்தனை வருடம் ஓட்டிவிட்டீர்கள், இன்னும் இரண்டு மாதத்தில் குடி முழுகிவிடாது. "சார், ஆடித் தள்ளுபடி நாளையோடு முடிகிறது" என்று போன் வந்தால் ஆவணியில் பேசலாம் என்று சொல்லுங்கள்.

20 ஆகஸ்ட்

"வசதி சரி, நம்பகத்தைப் பற்றிப் பேசவே இல்லையே" என்று ஈரோட்டுக்காரர் கேட்கிறார். பேசுகிறேன்.

2020 பொங்கலுக்கு முந்தின இரவு. அதே கார். துவரங்குறிச்சியைத் தாண்டினோம், மணி ஒன்றரை. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவிலிருந்து மெல்ல மேலே நகர்ந்தது. ஓரம்கட்டி பானெட்டைத் தூக்கினால் இனிப்பான வாடையோடு நீராவி. வாட்டர் பம்ப் போய்விட்டது. ஒரு பஞ்சர் கடைக்காரர் தூக்கக் கலக்கத்தில் தன் மெக்கானிக் மச்சானை எழுப்பி அழைத்துவந்தார். அவர் செல்போன் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், வண்டியின் பின்னால் போய்ப் பெயரைப் படித்தார். அவர் பெயரைப் படிக்கப் போனபோதே எனக்கு விளங்கிவிட்டது.

"மாருதி என்றால் விராலிமலையில் ஒரு கடைக்காரரை எழுப்பியாவது பொருள் வாங்கிவிடுவேன் சார். இதற்கு எங்கே போவது?"

கிரேன் வைத்து மதுரைக்கு இழுத்துப்போனோம். பொருள் வந்து சேரப் பதினோரு நாள். குடும்பம் விடியற்காலையில் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறியது. புதுப்பானையைப் பையன் மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

அந்த வண்டியின் எஞ்சினை இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன், நல்ல எஞ்சின்தான். ஆனால் எந்த வண்டியிலும் ஏதோ ஒரு நாள் ஏதோ ஒன்று போகும். போகிற இடத்தில் அதற்குப் பொருளும் கைவைக்க ஆளும் இருக்கிறார்களா என்பதுதான் எனக்கு நம்பகம். இதற்கு ஆராய்ச்சி வேண்டாம். கோவில்பட்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்து டாக்ஸி ஸ்டாண்டில் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். எது வரிசையாக நிற்கிறது, எது இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியும் நிற்கிறது என்று பாருங்கள். டிசையர், ஏழு இருக்கை எர்டிகா, 2020இல் உற்பத்தியை நிறுத்திய எட்டியோஸ்கூட இருக்கும். அவர்களுக்கு வண்டி நின்றால் அன்றைய சோறு நின்றது. விளம்பரம் பார்த்து வாங்க மாட்டார்கள்.

21 ஆகஸ்ட்

ஒரு மறுயோசனை. டாக்ஸிக்காரர் ஓட்டுகிறார், உட்காருகிறவர் வேறு ஆள். ஆகவே ஸ்டாண்டில் கிடைப்பது எஞ்சினைப் பற்றிய சாட்சியம் மட்டுமே, இருக்கையைப் பற்றி அவரிடம் கேட்காதீர்கள். அம்மாவிடம் கேளுங்கள்.

24 ஆகஸ்ட்

டீசல் கட்சிக்கு. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. டிபிஎஃப் என்பார்கள். அதில் சேர்ந்த கரி எரிந்து தீர, வண்டி சூடேறி நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு மூன்று கிலோமீட்டர், கடைத்தெருவுக்கு இரண்டு என்று ஓட்டினால் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும். கரி அடைத்துக்கொள்ளும், விளக்கு எரியும், பணிமனை கூப்பிடும். மாதம் மூவாயிரம் கிலோமீட்டர் ஓடும் ஈரோட்டு ஜவுளிக்காரருக்கு டீசல் சரி. மாதம் 800, அதிலும் பாதி ஊருக்குள் என்றால் பெட்ரோல்தான். மாமனாரின் பதினைந்து வருடக் கணக்கு பழைய டீசலின் கணக்கு.

4 செப்டம்பர்

காத்திருந்தது வீண் போகவில்லை. ஜிஎஸ்டி மாற்றம் நேற்று முடிவாகிவிட்டது, செப்டம்பர் 22 முதல் அமல். நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசிக்கு மிகாத வண்டிகளுக்கு 18 சதவீதம். இதுவரை 28 சதவீதமும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும். அந்த அளவைத் தாண்டியவற்றுக்கு 40, செஸ் கிடையாது. முன்பு எர்டிகா மாதிரி வண்டிக்கு 45 சதவீதம் கட்டினோம், ஆகவே பெரிய வண்டிக்கும் கொஞ்சம் லாபம்தான்.

ஆனால் நம் மாநிலத்து வாழ்நாள் வரியை மறந்துவிடாதீர்கள். 2023 நவம்பரில் ஏற்றினார்கள். 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10ஐத் தாண்டினால் 20 லட்சம் வரை 18. வரிக்கு எடுத்துக்கொள்ளும் விலை 9.90 லட்சம் என்றால் ஏறக்குறைய 1.29 லட்சம் கட்டுவீர்கள். 10.10 லட்சம் என்றால் 1.82 லட்சம். இருபதாயிரம் விலை வித்தியாசத்துக்கு ஐம்பத்து மூவாயிரம் கூடுதல் வரி. "இன்னும் கொஞ்சம் போட்டால் மேல் ரகம் சார்" என்று விற்பனையாளர் சொல்லும்போது இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார். உங்கள் 12 லட்சத்துக்குள் எல்லாம் அடங்க வேண்டுமென்றால் ஷோரூம் விலை பத்தைத் தொடக்கூடாது.

7 செப்டம்பர்

என் மனைவி இந்த இழையை முழுக்கப் படித்துவிட்டாள். தீர்ப்பு: "அம்மா, அம்மா என்று எழுதியிருக்கிறீர்கள். தினமும் காலையில் பல்லாவரம் நெரிசலில் ஓட்டுவது யார்?"

அவள்தான். அவள் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். 2016 காரில் ஓட்டுநர் இருக்கையை உயர்த்த வழியில்லை. ஐந்து வருடம் முதுகுக்குக் கீழே ஒரு தலையணையை வைத்து ஓட்டினாள். அதையும் நான் கவனிக்கவில்லை. நானே பெரிய நியாயவானைப் போல இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே கோவில்பட்டித் தம்பி, பள்ளிக்கூடத்துக்கு ஓட்டப்போவது உங்கள் மனைவி என்றால் இருக்கை உயரம், க்ளட்சின் கனம், திருப்பத்தில் முன்கண்ணாடி ஓரத்துத் தூண் மறைக்கிறதா, இவற்றை அவர் சொல்லட்டும். தானியங்கி கியர் வேண்டுமென்றால் மலிவான ஏஎம்டி வகையைப் பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஓட்டுகிறவருக்குத் தெரியாத உலுக்கல் பின்னால் தெரியும். ஒவ்வொரு கியர் மாறும்போதும் அம்மா தலையாட்டி ஆமோதிப்பதைப் போல இருக்கும்.

14 செப்டம்பர்

நேற்று ஒரு காரியம் செய்தேன். நண்பர் ஒருவர் வண்டி பார்க்கப் போனார், நான் தையற்காரர் நாடாவோடு கூடப் போனேன். அதற்கு முன் வீட்டில் அம்மாவின் கட்டிலை அளந்தேன். தரையிலிருந்து மெத்தை மேல்பக்கம் 54 சென்டிமீட்டர். அந்த உயரத்திலிருந்து அவள் யார் கையையும் பிடிக்காமல் எழுந்துவிடுவாள். பிளாஸ்டிக் நாற்காலி 43. அதிலிருந்து எழ "முருகா" வேண்டும்.

மூன்று ஷோரூம், ஆறு வண்டி. தாழ்வான செடானின் பின் இருக்கை 48. பெட்டியைப் போல உயர்ந்த ஹேட்ச்பேக் 58. நடுத்தர எஸ்யூவி 64. பெரியது ஒன்று 75, அதற்குப் பக்கவாட்டுப் படி வேறு. விற்பனைப் பையன் என்னைத் தையல்கடை நடத்துகிறவன் என்றே முடிவுகட்டிவிட்டான்.

முழங்கால் வலிக்காரருக்கு 48இல் உட்காருவது சுகம், எழுவது நரகம். 75இல் ஏறுவதே நடக்காது. 55 முதல் 65 வரை தோதானது என்பது என் அம்மாவின் முழங்கால் சொன்ன கணக்கு. உங்கள் அம்மாவின் கட்டிலை நீங்கள் அளந்துகொள்ளுங்கள். உயரத்தோடு கதவு எவ்வளவு விரிகிறது என்றும் பாருங்கள். டாடா பஞ்ச், ஆல்ட்ராஸ் இரண்டிலும் கதவு தொண்ணூறு பாகை திறக்கும். உட்கார்ந்தபின் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப அந்த இடம் தேவை.

துணி இருக்கையில் புடவை உராய்ந்து திரும்ப முடியாவிட்டால், ஒரு பாலிதீன் பையை விரித்து அதன்மேல் உட்காரச் சொல்லுங்கள். வழுக்கிக்கொண்டு திரும்பிவிடலாம்.

15 செப்டம்பர்

பாலிதீன் பை யோசனைக்கு ஒரு திருத்தம். உட்கார்ந்ததும் பையை உருவிவிட வேண்டும். இல்லையென்றால் பிரேக் போடும்போது அம்மாவும் வழுக்கிக்கொண்டு முன்னால் வருவாள். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

மாடம்பாக்கத்து ஆசாரியிடம் ஒரு மரப்படி செய்து டிக்கியில் வைத்துக்கொண்டால் உயரமான வண்டியிலும் ஏறலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் ஒருமுறை வாடகை வண்டிக்காகச் செய்து வைத்திருந்தேன். ஏறும்போது சரி. இறங்கும்போது படியை எடுத்துப் போடுகிறவன் ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கி ஓடிவருவதற்குள் அம்மா ஒரு காலைத் தொங்கவிட்டுக்கொண்டு காத்திருப்பாள். இரண்டு முறைக்குமேல் யாருக்கும் பொறுமை இருக்காது.

28 செப்டம்பர்

"அது சரி, நீங்கள் இப்போது என்ன ஓட்டுகிறீர்கள்?" இந்தக் கேள்விக்காகத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

வேகன் ஆர். 2022இல் வாங்கினேன். மேலே சொன்ன 58 சென்டிமீட்டருக்குப் பக்கம், அம்மாவுக்குப் பெரிய ஜன்னல், பொருள் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. நான் சொன்ன எல்லாப் பரீட்சையிலும் தேறியது. 2023 ஏப்ரலில் குளோபல் என்கேப் மோதல் சோதனை முடிவு வந்தது. பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரம், குழந்தைகளுக்குப் பூஜ்யம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் நாடகமாக இருக்கும், தூங்கினேன். ஆனால் அதற்குப் பிறகு நெடுஞ்சாலையில் எண்பதைத் தாண்டுவதில்லை. இரவுப் பயணத்தை நிறுத்திவிட்டேன். பின்னால் உட்காருகிறவர்களும் பெல்ட் போடாமல் வண்டி நகராது. அம்மா முதலில் முனகினாள், இப்போது அவளே மற்றவர்களை விரட்டுகிறாள்.

நீங்கள் என் தப்பைச் செய்ய வேண்டியதில்லை. அன்றைக்கு நிலவரம் வேறு, இன்றைக்கு வேறு. 2018இல் டாடாவின் சின்ன எஸ்யூவி நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கியபோது அது அதிசயம். இப்போது நம் நாட்டின் பாரத் என்கேப் சோதனையே 2023 அக்டோபரில் தொடங்கி நடக்கிறது, 2024 இறுதியில் குளோபல் என்கேப்பில் புது டிசையரும் ஐந்து வாங்கிவிட்டது. சின்ன வண்டி என்றாலே தகர டப்பா என்ற காலம் போய்விட்டது. பெரிய வண்டி என்பதற்காகப் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம், 2024 குளோபல் என்கேப் சோதனையில் ஆப்பிரிக்கச் சந்தைக்கான எர்டிகாவுக்குக் கிடைத்தது ஒரே நட்சத்திரம். பிறகு ஏர்பேக்கைக் கூட்டியிருக்கிறார்கள்.

5 அக்டோபர்

ஏழு இருக்கை பற்றி யாரும் ஒழுங்காகக் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். எர்டிகாவில் மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது டிக்கி 209 லிட்டர். ஐந்து இருக்கை ஹோண்டா அமேஸில் 416. ஏழு பேரை ஏற்றினால் ஏழு பேரின் பெட்டி எங்கே போகும்? ஊரிலிருந்து திரும்பும்போது என் டிக்கியில் கட்டாயம் இருப்பவை: ஒரு சிப்பம் அரிசி, பத்துத் தேங்காய், இரண்டு கேன் நல்லெண்ணெய், வடகம், அத்தை கட்டிக் கொடுக்கும் பெயர் தெரியாத ஒரு மூட்டை. மூன்றாம் வரிசையில் பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் தாடையை இடிக்கும். பிள்ளைகளை உட்காரவைத்தால் வளைவுக்கு ஒருமுறை வாந்தி. ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் ஐந்து பேர். வருடத்தில் நான்கு நாள் வரும் மச்சான் குடும்பத்துக்காக 361 நாள் இரண்டு காலி இருக்கையைச் சுமக்க வேண்டுமா? அந்த நான்கு நாளுக்கு வாடகைக்கு எடுங்கள்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது, இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். குழந்தை இருக்கை. நான்கு வயதுக்கு அது தேவை. நான்கு மீட்டர் வண்டியின் பின்னால் அதை மாட்டியபின் இரண்டு பெரியவர்கள் தோளோடு தோள் இடித்துத்தான் உட்கார முடியும், நடுவில் இருப்பவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஷோரூமுக்கு அந்த இருக்கையையும் தூக்கிக்கொண்டு போய் மாட்டி, அம்மாவையும் மனைவியையும் உட்காரவைத்துக் கதவைச் சாத்துங்கள். சாத்த முடியவில்லை என்றால் எர்டிகாவின் நடுவரிசை உங்களுக்கு நியாயமான காரணமே. மாமனார் தவறான காரணத்தால் சரியான இடத்துக்கு வந்திருக்கக்கூடும்.

6 அக்டோபர்

மாமனார் அந்தக் கடைசி வரியை அச்செடுத்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறாராம்.

12 அக்டோபர்

சன்ரூஃப் அவசியமா என்று கேட்ட விருதுநகர் நண்பருக்கு: உங்கள் ஊரில், கத்திரி வெயிலில், மண்டைக்கு மேலே கண்ணாடி? அந்தக் காசுக்குப் பின்னால் ஏசி துவாரம் இருக்கிற ரகத்தை வாங்குங்கள்.

சோதனை ஓட்டத்துக்கு மதியம் இரண்டு மணிக்குப் போங்கள். சாயங்காலம் எல்லா ஏசியும் நன்றாகத்தான் இருக்கும். காற்று மானி ஒன்றும் கையில் இருக்கட்டும். நிறுத்திவைத்திருக்கும் வண்டிகளில் டயர் தட்டையாகாமல் இருக்கக் காற்றை அதிகம் ஏற்றிவைப்பது உண்டு. அதோடு ஓட்டினால் நல்ல வண்டிகூடக் கட்டை வண்டியாகத் தெரியும். கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றைக் குறைத்துவிட்டு ஓட்டுங்கள்.

26 அக்டோபர்

தீபாவளிக்குப் பிறகு பேச்சு பழைய கார் பக்கம் திரும்பிவிட்டது. ஆறு லட்சத்துக்குச் சென்னையில் நல்ல பழைய வண்டி கிடைக்குமா என்று சிவகாசியிலிருந்து கேட்கிறார்கள்.

கிடைக்கும். ஆனால் சென்னை வண்டி என்றால் எனக்கு முதலில் 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும்தான் நினைவுக்கு வரும். கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். ஊரே சிரித்தது, அவர்கள்தான் புத்திசாலிகள். எங்கள் தெருவில் ஒருவர் தண்ணீர் வடிந்ததும் ஆவலில் சாவியைத் திருப்பினார். எஞ்சினுக்குள் தண்ணீர். காற்றைப் போல அமுங்க அதற்குத் தெரியாதே, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துபோனது. எஞ்சின் பாதுகாப்புக்கான தனிக் காப்பீடு அவரிடம் இல்லை.

அப்படிப்பட்ட வண்டிகளைக் கழுவித் துடைத்து, வாசனைத் தைலம் அடித்து வெளியூரில் விற்றுவிடுவார்கள். சென்ற வருடம் தம்பிக்காக ஒன்று பார்க்கப் போனோம். மினுமினுவென்று இருந்தது, மைலேஜும் குறைவு. நான் பின் இருக்கை பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். வழக்கமாக இழுக்கும் நீளம் வரை சுத்தம். விடாமல் கடைசிவரை இழுத்தேன். சுருளின் அடியில் இருந்த ஒரு முழம் காய்ந்த சேற்று நிறத்தில் வந்தது, குறுக்கே நேர்க்கோடு போட்டதைப் போலத் தண்ணீர்த் தடம். விற்பவர் ஒன்றும் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. அவர் கொடுத்த டீயை மட்டும் குடித்துவிட்டு வந்தோம்.

பெல்ட்டைத் துவைக்க யாரும் மெனக்கெடுவதில்லை. இருக்கைக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் மண், இவற்றையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரத்தில் செய்தது. முப்பதாயிரம்தான் ஓடியது என்று சொல்லும் வண்டியில் நான்கு டயரும் புதிதாகவும் பெடல் ரப்பர் வழவழப்பாகவும் இருந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

9 நவம்பர்

இருபது சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோலைப் பற்றி ஏழு பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான், ஆகவே மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளின் ரப்பர், குழாய் எல்லாம் அதற்கு ஏற்றவை. புது வண்டி வாங்குகிறவருக்குக் கவலையில்லை. பழையது வாங்குகிறவர் எரிபொருள் குழாய்களை மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். இதற்கு மேல் இங்கே சண்டை வேண்டாம்.

16 நவம்பர்

மழை தொடங்கியதும் எலி பானெட்டுக்குள் குடிவந்துவிட்டது. இரண்டு சென்சார் ஒயர், 3,400 ரூபாய். புகையிலையைத் துணியில் கட்டித் தொங்கவிடச் சொன்னார்கள். தொங்கவிட்டேன். நேற்று பார்த்தால் துணியை மட்டும் காணோம், கூட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறது. நம்பகத்தைப் பற்றி அத்தனை பத்தி எழுதினேன், எலியைச் சேர்க்கவில்லை.

7 டிசம்பர்

கோவில்பட்டித் தம்பி அறிக்கை அனுப்பியிருக்கிறார். திருநெல்வேலியில் ஒரே நாளில் நான்கு ஷோரூம். அப்பா, அம்மா, மனைவி, மகள், குழந்தை இருக்கை, கூடவே மாமனார். டிசையரில் அம்மா சுலபமாக உட்கார்ந்தார். எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. நெக்ஸானில் தாமாக ஏறி இறங்கினார், ஆனால் குழந்தை இருக்கையையும் சேர்த்து மூன்று பேர் உட்கார்ந்தபோது மனைவியின் தோள் கதவில் அமுங்கியது. எர்டிகாவில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மாமனார் ஒன்றும் சொல்லவில்லை, சட்டைப் பையை மட்டும் தட்டிக் காட்டினாராம்.

என்ன செய்யலாம் என்று கேட்கிறார். நட்சத்திரத்தைப் பார்த்தால் நெக்ஸான். தோளைப் பார்த்தால் எர்டிகா. இரண்டு நாள் யோசித்தேன். அப்பா முன்னால், மனைவி ஓட்டுகிறார் என்றால் பின்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரும் பயணம் வருடத்தில் எத்தனை நாள்? மீதி நாளெல்லாம் அம்மாவும் குழந்தையும் மட்டும்தான் பின்னால். மகளுக்கும் இன்னும் சில வருடத்தில் அந்தப் பெரிய இருக்கை போய் உயரம் கூட்டும் சின்ன இருக்கை வந்துவிடும். நானாக இருந்தால் நெக்ஸான், பெட்ரோல், சாதா கியர். ஒரு நட்சத்திரத்தில் ஊர் போய்வருகிறவன் சொல்கிறேன், அதையும் சேர்த்து எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் வீட்டு கேட்டை அளந்தீர்களா?

9 டிசம்பர்

அளக்கவில்லையாம். கேட்டுக்கும் வண்டிக்கும் இடையில் பக்கத்துக்கு நான்கு விரல்தான் மிச்சம், கண்ணாடியை மடக்கினால் நுழையும். அம்மா வாசலிலேயே ஏறிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

18 ஜனவரி 2026

நெக்ஸான் வந்துவிட்டது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கழுகுமலைக்குப் போய் மாலை போட்டு, பொங்கலுக்கு முதல் ஓட்டம். படம் அனுப்பியிருக்கிறார். அம்மா பின்னால் ஜன்னலோரம், பெல்ட்டோடு. பக்கத்தில் குழந்தை இருக்கையில் பேத்தி. இன்னொரு ஓரத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு யாரோ ஒரு பெரியவர் நெருங்கி உட்கார்ந்திருக்கிறார். மாமனார்தான் என்று நினைக்கிறேன்.

ஆசாரி செய்த படியை என்ன செய்தேன் என்று கேட்டவருக்கு: அம்மா அதை அடுக்களைக்கு எடுத்துப் போய்விட்டாள். அதில் உட்கார்ந்துதான் வெங்காயம் உரிக்கிறாள். அளந்து பார்த்தேன், 28 சென்டிமீட்டர். "முருகா"கூடச் சொல்லாமல் எழுந்திருக்கிறாள். என் அளவுக் கணக்கில் எங்கேயோ இடிக்கிறது.

19 ஜனவரி

அடுக்களை மேடையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறாள் என்று மனைவி சொல்கிறாள். அப்படியானால் கதவுக்கு மேலே கைப்பிடி இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். என் வண்டியில் பின்னால் இருக்கிறதா? கீழே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.